இதைத்தான் சொல்ல வந்தீர்களா?

சி-ஓ-யூ-என்-டி என்று அடிக்க வேண்டிய இடத்தில் விரல் முந்திக்கொண்டு சி-ஓ-யூ-டி-என் என்று அடித்துவிடுகிறது. புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இது அன்றாடம் நடப்பது. 1965-இல் ஃபோர்ட்ரானில் இதைச் செய்தவருக்குப் பிழைச்செய்தியே வராமல் போயிருக்கலாம். புரோகிராம் ஓடி முடிந்து, தவறான விடையை ஒழுங்காக அச்சிட்டுக் கொடுத்திருக்கும். 1990-இல் சி மொழியில் செய்தவருக்கு, இப்படியொரு பெயர் அறிவிக்கப்படவில்லை என்று ஒற்றை வரி கிடைத்திருக்கும். இன்று பைத்தானில் செய்கிறவருக்கு அந்த வரியோடு ஒரு கேள்வியும் சேர்ந்து வருகிறது: ‘கவுன்ட்’ என்பதைத்தான் சொல்ல வந்தீர்களா?

இந்தக் கேள்வியை அண்மைக்காலத்துச் சொகுசு என்று நினைப்பவர்கள் பலர். அது அவ்வளவு புதிதில்லை. எழுத்துப்பிழையைக் கண்டுபிடித்துச் சரியான பெயரைச் சொல்லும் வேலையை, புரோகிராமைக் கணினிக்கு ஏற்ற வடிவுக்கு மாற்றும் கம்பைலர்கள் 1960-களிலேயே தொடங்கிவிட்டன. அன்று அவை சொல்வதோடு நிற்கவில்லை, தாமே திருத்தவும் செய்தன. பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் பெரும்பாலான கம்பைலர்கள் அந்த வேலையை விட்டுவிட்டன. இப்போது திரும்ப எடுத்திருக்கின்றன, ஆனால் திருத்துவதில்லை, கேட்கின்றன.

அன்று திருத்தியதற்குக் காரணம் காத்திருப்பு. புரோகிராமைத் துளை அட்டைகளில் குத்த வேண்டும். அட்டைக்கு 80 பத்தி. ஃபோர்ட்ரானில் முதல் ஐந்து பத்தி வரியின் எண்ணுக்கு, ஆறாவது தொடர்ச்சிக்குறிக்கு, ஏழிலிருந்து 72 வரை கட்டளைக்கு, மீதி எட்டு அட்டைகளின் வரிசை எண்ணுக்கு. குத்திய கட்டைக் கணினி மையத்தின் சன்னலில் கொடுத்துவிட்டு வந்தால், அச்சடித்த தாள் கைக்கு வரச் சில மணி நேரம் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம். ஓரெழுத்து மாறியிருந்தால் அந்த நாள் வீண். சென்னை ஐஐடி-க்கு 1973-இல் ஐபிஎம் 370/155 வந்தபோதும் முறை இதுதான்: அட்டை, சன்னல், காத்திருப்பு.

அந்தக் காத்திருப்பைக் குறைக்கத்தான் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் 1960-களின் தொடக்கத்தில் கார்க் என்ற சிறு மொழியையும் அதற்கொரு கம்பைலரையும் செய்தார்கள். மாணவர் ஒரு மாறியின் பெயரைத் தவறாக எழுதியிருந்தால், தெரிந்த பெயர்களில் அதற்கு நெருக்கமான ஒன்றை அது எடுத்துக்கொண்டு மேலே போகும். 1964-இல் ஐபிஎம்-மைச் சேர்ந்த ஃபிரெட் டேமெரோ ஒரு சிறு கட்டுரையை வெளியிட்டார். எழுத்துப்பிழைகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் நான்கே வகைக்குள் அடங்கிவிடுகின்றன என்பது அவர் கண்டது. ஓர் எழுத்து மாறியிருக்கும், ஓர் எழுத்து விடுபட்டிருக்கும், ஓர் எழுத்து கூடியிருக்கும், அல்லது அடுத்தடுத்த இரண்டு எழுத்துகள் இடம் மாறியிருக்கும். அடுத்த ஆண்டு சோவியத் ஒன்றியத்தில் விளாதிமிர் லெவன்ஸ்டைன், ஒரு சொல்லை இன்னொன்றாக்க எத்தனை மாற்றம் தேவை என்று எண்ணும் அளவை வகுத்தார். இன்றைக்கும் கம்பைலர்கள் பெரும்பாலும் இந்த இருவர் போட்ட வழியில்தான் போகின்றன. 1970-இல் ஹோவர்டு மார்கன் என்பவர், இந்த முறையைக் கம்பைலர் போன்ற எல்லா அமைப்பு மென்பொருளிலும் சேர்க்க வேண்டும் என்று தனியாக ஒரு கட்டுரையே எழுதினார்.

கார்னெல்லின் அடுத்த படைப்பு பிஎல்/சி. பிஎல்/ஒன் மொழியின் ஒரு பகுதிக்காக ரிச்சர்டு கான்வேயும் தாமஸ் வில்காக்ஸும் செய்தது. எப்படிப்பட்ட நிரலைக் கொடுத்தாலும் ‘முடியாது’ என்று திருப்பி அனுப்பாது என்பது அதன் பெருமை. பிழையைச் சுட்டும், தான் எதை வைத்துக்கொண்டது என்று தாளில் அச்சிடும், திருத்திய வடிவத்தை ஓட்டியும் காட்டும். சில சமயம் அந்தத் திருத்தம் வேடிக்கையாக இருக்கும். ஆனாலும் ஒரு நாள் காத்திருந்தவருக்கு வெறும் ‘பிழை’ என்ற தாளைவிட, பாதி ஓடிய புரோகிராம் அதிகம் கற்றுக்கொடுத்தது. ஒரே ஓட்டத்தில் நாலைந்து பிழைகள் தெரிய வந்தன.

அதே காலத்தில் ஃபோர்ட்ரான் நேர் எதிர்த்திசையில் இருந்தது. அங்கே பெயரை அறிவிக்கத் தேவையில்லை. எழுதினால் போதும், மாறி பிறந்துவிடும். ஐ முதல் என் வரை தொடங்கினால் முழு எண், மற்றவை தசம எண். எனவே தவறாக எழுதிய பெயரும் ஒரு புதிய பெயர்தான். கம்பைலரைப் பொறுத்தவரை அங்கே பிழையே இல்லை. ‘அறிவிக்காத பெயரை ஏற்காதே’ என்று சொல்லும் ‘இம்ப்ளிசிட் நன்’ கட்டளை ஃபோர்ட்ரான் 90-இல்தான் தரத்துக்குள் வந்தது. பெயர் இல்லை என்று சொல்லத் தெரிந்த கம்பைலரால்தான் எந்தப் பெயர் என்று யூகித்துச் சொல்லவும் முடியும். முதல் பாதியே அங்கே இல்லாதபோது இரண்டாவது பாதியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

திருத்துகிற மரபின் உச்சம் லிஸ்ப் மொழியின் உலகத்தில் வந்தது. வாரன் டீட்டல்மன் முதலில் பிபிஎன் நிறுவனத்திலும் பிறகு செராக்ஸ் பார்க் ஆய்வகத்திலும் வளர்த்த டிவிம் என்ற வசதி அது. ‘நான் நினைப்பதைச் செய்’ என்பது பெயரின் விரிவு. தவறாக அடித்ததைப் புரிந்துகொண்டு, பல நேரம் தானே திருத்திவிட்டு வேலையைத் தொடரும். பிடித்தவர்களுக்கு மிகவும் பிடித்தது. பிடிக்காதவர்கள், அது டீட்டல்மன் நினைப்பதைத்தான் செய்கிறது என்றார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி தவறு செய்கிறார்கள். அது பழகியிருந்தது அவருடைய தவறுகளுக்கு.

கணினிக்காரர்களின் வழக்குச்சொற்களைத் தொகுத்த ஜார்கன் ஃபைல் இதைப் பற்றி ஒரு கதை சொல்கிறது. டீட்டல்மன் இந்த வசதியைச் செராக்ஸ் பார்க்கின் கட்டளை வரியிலும் சேர்த்திருந்தார். அங்கிருந்த எடிட்டர் பழைய பிரதிகளின் பெயருக்குப் பின்னால் டாலர் குறி போட்டு வைக்கும். ஒருவர், டாலரில் முடியும் கோப்புகளையெல்லாம் அழி என்று நட்சத்திரக் குறியும் டாலர் குறியும் போட்டுக் கட்டளை கொடுத்தார். அப்படிப்பட்ட கோப்பு ஒன்றும் அப்போது இல்லை. டாலர் குறி தவறி விழுந்தது போலும் என்று டிவிம் முடிவுகட்டியது. ‘எல்லாவற்றையும் அழி என்று சொல்ல வந்ததாக எடுத்துக்கொள்கிறேன்’ என்று அறிவித்துவிட்டு அழிக்கத் தொடங்கியது. அவர் கணினியை மல்லுக்கட்டி நிறுத்துவதற்குள் ஐந்தாறு கோப்புகள் போய்விட்டன. எழுத்துத் திருத்தத்தைப் பற்றிய எந்த ஆய்வுக்கட்டுரையைவிடவும் இந்தக் கதைதான் அதிகம் பரவியது.

அதற்கு அடுத்த தலைமுறைக் கம்பைலர்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டதற்கு இந்தக் கதை காரணமில்லை. இடமின்மைதான் பெரிய காரணம். சி மொழி வளர்ந்த பிடிபி-11 கணினியில் ஒரு புரோகிராமுக்குக் கிடைத்த முகவரி வெளி 64 கிலோபைட். 1983-இல் வந்த டர்போ பாஸ்கலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 3.02 பதிப்பு எடிட்டரும் கம்பைலரும் சேர்த்து 39,731 பைட். அதைத் திறந்ததும் முதலில் ஒரு கேள்வி வரும்: பிழைச்செய்திகளையும் ஏற்றிக்கொள்ளவா? வேண்டாம் என்றால் கொஞ்சம் நினைவகம் மிச்சமாகும். பிழை வந்தால் எண் மட்டும் தெரியும், கையேட்டைப் புரட்டிக்கொள்ள வேண்டியதுதான். செய்தியே கூடுதல் சுமையாக இருந்த காலத்தில் செய்திக்குள் யோசனையை யார் எதிர்பார்ப்பார்கள்? அந்தக் கம்பைலரை எழுதிய ஆண்டர்ஸ் ஹெல்ஸ்பெர்க்தான் 2012-இல் வெளிவந்த டைப்ஸ்கிரிப்டுக்கும் தலைமை வடிவமைப்பாளர். இன்று டைப்ஸ்கிரிப்டில் ஒரு பண்பின் பெயரைத் தவறாக எழுதினால் 2551 என்ற எண்ணோடு பிழை வரும். அந்த எண்ணை யாரும் கையேட்டில் தேடுவதில்லை, ஏனென்றால் செய்தியின் கடைசி வாக்கியமே சரியான பெயரைச் சொல்லிவிடுகிறது. டர்போ பாஸ்கலில் செய்திக்கு மாற்றாக நின்ற எண், இங்கே செய்திக்கு முன்னால் ஓர் அடையாளமாக மட்டும் நிற்கிறது.

இன்னொரு காரணம், காத்திருப்பு தீர்ந்துபோனது. டர்போ பாஸ்கல் முதல் பிழையிலேயே நின்று, எடிட்டரில் அந்த இடத்தில் கர்சரை வைத்துவிடும். திருத்தி மறுபடி ஓட்டச் சில நொடிகள் போதும். ஒரு நாள் வீணாகும் என்றபோது யூகித்துத் திருத்துவதில் பொருள் இருந்தது. ஐந்து நொடி வீணாகும் என்றபோது, நீயே பார்த்துக்கொள் என்று விட்டுவிடுவதிலும் ஒரு நியாயம் இருந்தது.

தமிழ்நாட்டுக் கல்லூரி ஆய்வுக்கூடங்களில் டர்போ சி-யின் நீலத்திரையில் படித்த தலைமுறைக்கு அந்த நியாயம் மனப்பாடம். ‘அன்டிஃபைன்டு சிம்பல்’ என்று வந்தால் எழுத்துப்பிழை. ‘ஷுட் ஹேவ் எ புரோட்டோடைப்’ என்று வந்தால் ஒன்று தலைப்புக் கோப்பைச் சேர்க்கவில்லை, அல்லது பிரிண்ட்எஃப்-இல் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது. இரண்டு தவறுக்கும் ஒரே வாசகம். எது என்று கண்டுபிடிப்பது மாணவரின் பாடு. பழைய சி-யில் நிலைமை இன்னும் மோசம். அறியாத பெயரில் ஒரு ஃபங்ஷனை அழைத்தால், எங்கோ இருக்கும் என்று நம்பிக் கம்பைலர் விட்டுவிடும். கடைசியில் துண்டுகளை ஒன்றாக இணைக்கும் லிங்கர்தான், வரி எண்கூட இல்லாமல், இந்தப் பெயரைக் காணோம் என்று கையை விரிக்கும்.

இந்த மௌன காலத்திலும் ஒரு மூலையில் பேச்சு இருந்தது. அடா மொழிக்காக நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டியூவர் குழுவினர் உருவாக்கிய ஞாட் கம்பைலர், 1990-களிலேயே ‘இது இன்ன பெயரின் பிழைவடிவமாக இருக்கலாம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதன் விதிகள் எளிமையானவை, கறாரானவை. முதலெழுத்து பொதுவாக ஒத்திருக்க வேண்டும். ஒன்றிரண்டு எழுத்துப் பெயர்களை ஒப்பிடவே ஒப்பிடாது. டேமெரோவின் நான்கு வகைகளைத் தாண்டி அதிகம் தேடாது. ஜிசிசி என்ற கம்பைலர் குடும்பத்தின் 3.1 பதிப்பு 2002-இல் வந்தது முதல் ஞாட்டும் அதில் ஓர் அங்கம். அதே குடும்பத்தின் சி கம்பைலர் அந்த வழக்கத்தைக் கற்றுக்கொள்ள 2016 வரை ஆனது. பக்கத்து அறையில் பதினான்கு ஆண்டுகள் ஒலித்த நல்ல யோசனை சுவரைத் தாண்டவில்லை. இதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை. பிழைச்செய்தியைத் தொழிலின் ஒரு பகுதியாகச் சி உலகம் கருதவில்லை என்பதே என் எண்ணம்.

திருப்பம் 2010-ஐ ஒட்டி வந்தது. எல்எல்விஎம் என்ற கம்பைலர் திட்டத்தின் 2.7 பதிப்புடன் வந்த கிளாங் கம்பைலர் சி, சி++ நிரல்களில் பெயர்ப்பிழைக்கு யோசனை சொல்லத் தொடங்கியது. பிழையான சொல்லுக்கு அடியில் குறியிட்டு, அதன் கீழே சரியான சொல்லை எழுதியும் காட்டியது. போட்டி வந்ததும் மற்றவையும் விழித்துக்கொண்டன. 2015-இல் எல்ம் மொழி, மனிதர்களுக்கான பிழைச்செய்தி என்பதையே தன் கொடியாக்கியது. அதே ஆண்டு டிசம்பரில் ரூபி 2.3, ‘டிட் யூ மீன்’ என்ற பெயரிலேயே ஒரு நூலகத்தைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 2016-இல் ஜிசிசி 6, ரெட் ஹேட்டைச் சேர்ந்த டேவிட் மால்கமின் உழைப்பால், கட்டமைப்புகளின் உள்பெயர்களில் தொடங்கி மெல்ல மெல்ல மற்றப் பெயர்களுக்கும் இதைக் கொண்டுவந்தது. ரஸ்ட் மொழியின் கம்பைலர், அருகிலுள்ள ஒத்த பெயரைக் காட்டுவதோடு, பிழை எண்ணைக் கொடுத்தால் அதன் விளக்கத்தையும் தன்னுள்ளிருந்தே எடுத்துக் கொடுக்கிறது. டர்போ பாஸ்கல்காரர் புரட்டிய கையேடு கம்பைலருக்குள்ளேயே குடிவந்துவிட்டது. 2021 அக்டோபரில் பைத்தான் 3.10 சேர்ந்துகொண்டது. பைத்தான் 3.12, ‘சிஸ் தொகுதியை இறக்குமதி செய்ய மறந்தீர்களா’ என்றும் கேட்கிறது.

இந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் கணக்கு பெரிதொன்றுமில்லை. கம்பைலர் அந்த இடத்தில் செல்லுபடியாகும் பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து, எத்தனை மாற்றத்தில் பிழையான பெயர் அதுவாகும் என்று எண்ணிப் பார்க்கிறது. மாற்றங்கள் பெயர் நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் வாயைத் திறக்காது. கிளாங், ரஸ்ட், பைத்தான் மூன்றும் அவரவர் சூத்திரத்தில் இந்த மூன்றில் ஒன்றுக்கே வந்து சேர்ந்திருப்பது ஆச்சரியம்தான். வேகம் குறையாதிருக்கவும் வரம்புகள் உண்டு. பைத்தான் 750 பெயர்களுக்கு மேல் இருந்தால் தேடாது. கிளாங் இயல்பாக 50 தடவைக்கு மேல் யூகிக்காது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. டேமெரோ 1964-இல் சொன்ன நான்காவது வகையான எழுத்து இடமாற்றத்தை இன்றைய கம்பைலர்கள் பல முதலில் தனி வகையாக எண்ணவில்லை. இரண்டு மாற்றம் என்றே கணக்கு வைத்தன. ஜிசிசி-யும் ரஸ்டும் அதை ஒரே மாற்றமாக எண்ணத் தொடங்கியது 2020-க்குப் பிறகுதான்.

கிளாங் செய்யும் இன்னொரு வேலை பிஎல்/சி-யை நினைவூட்டுகிறது. தான் யூகித்த பெயர் சரியென்று வைத்துக்கொண்டு மீதி நிரலை அது படித்து முடிக்கும். அதனால் ஓரிடத்துப் பிழை நூறு பிழைகளாகப் பெருகித் திரையை நிறைப்பதில்லை. முன்பு அறிவிப்பில் ஓரெழுத்து பிசகினால், அந்தப் பெயர் வரும் இடமெல்லாம் பிழைச்செய்தி வரிசை கட்டும். அதைக் கட்டுப்படுத்த, அறியாத ஒவ்வொரு பெயரும் ஃபங்ஷனுக்கு ஒருமுறை மட்டுமே தெரிவிக்கப்படும் என்று ஜிசிசி ஓர் அறிவிப்பையே இணைத்திருந்தது. ஆனால் பிஎல்/சி போல ஓட்டிக் காட்டும் வேலைக்குக் கிளாங் போவதில்லை. எத்தனை நம்பிக்கையோடு யூகித்தாலும், நீங்கள் திருத்தும்வரை நிரல் தயாராகாது.

இந்த யோசனைகளால் என்ன பயன் என்று கேட்டால், பதில் ஆளுக்கு ஆள் மாறும். கண் அசைவைப் பதிவுசெய்து 56 பேரை வைத்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வு, புரோகிராமர்கள் பிழைச்செய்திகளைப் படிக்கவே செய்கிறார்கள் என்றும், வேலை நேரத்தில் 13 முதல் 25 விழுக்காடு அதற்கே போகிறது என்றும் கண்டது. அந்த நேரத்தில் ஒரு பகுதி, ‘ஆர்-என்’னுக்கும் ‘எம்’முக்கும் வேறுபாடு தெரியாமல் ஒரே வரியை வெறித்துப் பார்ப்பதில் போகிறது. தான் எழுதியதைத் தானே படிக்கும் கண், எழுத நினைத்ததைத்தான் பார்க்கும். அங்கே கம்பைலரின் கேள்வி ஒரு நொடியில் கட்டை அவிழ்க்கிறது. பெயரை மறந்தவருக்கும் அப்படியே: லெங்தா, சைஸா, இடையில் அடிக்கோடு உண்டா, எந்த எழுத்து பெரிய எழுத்து என்று தடுமாறுகிறவருக்கு. முதல் மாதம் படிக்கும் மாணவருக்கு இது பெரிய உதவி. இருபது ஆண்டு அனுபவக்காரருக்குச் சிறு உதவி, ஆனால் நாளுக்குப் பலமுறை கிடைப்பது.

கை கொடுக்காத இடங்களும் பல. கூகுள் நிறுவனத்தில் நடந்த 2.66 கோடி பில்டுகளை, அதாவது நிரலைத் தொகுத்துத் தயாராக்கும் ஓட்டங்களை, ஆராய்ந்து 2014-இல் வந்த ஆய்வில், பிழைகளில் பெரும்பங்கு சார்புகளைச் சேர்ந்ததாக இருந்தது. பெயர் சரியாகவே இருக்கும். அது வரையறுக்கப்பட்ட கோப்பைச் சேர்க்க மறந்திருப்பார்கள். அங்கே எழுத்துப்பிழை யோசனை சொன்னால் திசைதிருப்பலாகத்தான் முடியும். பிற்காலக் கம்பைலர்கள் ‘இந்தத் தலைப்புக் கோப்பைச் சேர்க்க மறந்தீர்களா’ என்று கேட்கக் கற்றுக்கொண்டது இதனால்தான். ஐ, ஜே போன்ற ஓரெழுத்துப் பெயர்களில் எல்லாமே எல்லாவற்றுக்கும் பக்கத்தில் இருப்பதால் யோசனைக்கு மதிப்பில்லை. இன்னும் முக்கியமானது, பிழையான பெயரும் தற்செயலாகச் செல்லுபடியாகும் பெயராக இருந்துவிட்டால் கம்பைலர் ஒன்றும் கேட்காது. பைத்தானில் ஒரு பொருளின் பண்புக்கு மதிப்பு கொடுக்கும்போது பெயரைத் தவறாக எழுதினால், புதிய பண்பு ஒன்று சத்தமில்லாமல் பிறக்கும், பழைய ஃபோர்ட்ரானில் நடந்தது போலவே. அறுபது ஆண்டுகளில் அந்தப் பள்ளம் முழுதாக மூடப்படவில்லை.

இழந்தவற்றில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அட்டைக் காலத்தில், சன்னலில் கொடுக்கும் முன் மேசையில் உட்கார்ந்து நிரலை வரிவரியாக வாசிப்பார்கள். கையில் பென்சிலோடு, ஒவ்வொரு மாறியின் மதிப்பையும் எழுதிப் பார்த்தபடி. பிழை விலையுயர்ந்ததாக இருந்ததால் பிறந்த பழக்கம் அது. அந்த வாசிப்பில் எழுத்துப்பிழை மட்டும் அகப்படவில்லை, யோசனையின் பிழையும் அகப்பட்டது. இன்று எழுதுகிறோம், ஓட்டுகிறோம், கம்பைலர் சொல்கிறது, மாற்றுகிறோம், மறுபடி ஓட்டுகிறோம். வேகம் கூடியிருக்கிறது, ஒரு நாளில் முடியும் வேலையும் கூடியிருக்கிறது. தன் நிரலை முழுதாக ஒருமுறை படித்தவர்கள் எத்தனை பேர் என்று வகுப்பில் கேட்டால் கை உயர்வது குறைவு. ஆனாலும் பழைய முறைக்குத் திரும்பலாம் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு கமாவுக்காக ஒரு நாள் காத்திருந்ததில் புனிதம் ஏதுமில்லை.

பக்கத்துப் பெயர் என்பதிலேயே ஓர் ஆபத்தும் உண்டு. 2017-இல் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களைப் பகிரும் என்பிஎம் தொகுப்பகத்தில் ‘கிராஸ்-என்வ்’ என்ற புகழ்பெற்ற தொகுப்பின் பெயரில் உள்ள சிறு கோட்டை மட்டும் நீக்கி யாரோ இன்னொரு தொகுப்பை ஏற்றிவைத்தார்கள். கோட்டை விட்டு அடித்தவர்களின் கணினியிலிருந்து ரகசியச் சூழல் மாறிகளை அது திருடியது. கம்பைலர் உதவிக்காகப் பார்க்கும் அதே அண்மையைத் திருடன் தூண்டிலுக்காகப் பார்க்கிறான்.

டிவிம் இன்னும் சாகவில்லை. நிரலின் பதிப்புகளைக் காக்கும் கிட் மென்பொருளில் கட்டளையைத் தவறாக அடித்தால் நெருக்கமான கட்டளையைக் காட்டும். விரும்பினால் தானே திருத்தி ஓட்டும்படியும் அமைக்கலாம், இடையில் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதையும் சொல்லலாம். அந்த எண் நொடியில் பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் உள்ளது. 2025-க்கு முந்தைய பதிப்புகளில் ‘ஆம்’ என்ற பொருளில் 1 என்று அமைத்தவர்களுக்கு, வேண்டாம் என்று தடுக்கக் கிடைத்தது 0.1 நொடி. அதற்குள் விசையை அழுத்தும் விரல் எவருக்கும் கிடையாது. ரஸ்ட் இதில் தெளிவாக நடந்துகொள்கிறது. அதன் ஒவ்வொரு யோசனைக்கும் ஒரு முத்திரை உண்டு: இயந்திரமே செய்துவிடலாம் என்பது ஒன்று, தவறாகவும் இருக்கலாம் என்பது இன்னொன்று. தானாகத் திருத்தும் கருவி முதல் முத்திரை உள்ளவற்றை மட்டுமே தொடும். ஒத்த பெயரைக் காட்டும் யோசனைகளுக்கு இடுவது இரண்டாவது முத்திரை. செராக்ஸ் பார்க்கில் அந்த ஐந்தாறு கோப்புகள் போனதிலிருந்து கற்ற பாடம் இப்படி விதியாகியிருக்கிறது. கேட்பதோடு நிறுத்திக்கொண்டதுதான் இன்றைய முறையின் உண்மையான முன்னேற்றம் என்பேன். கணக்கு பழையதுதான்.

ஒன்று மட்டும் நமக்கென்று மிச்சமிருக்கிறது. பைத்தான் 3-இலும், 2021 முதல் ரஸ்டிலும், மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாம். டேமெரோ கண்ட நான்கும் விரல் செய்யும் பிழைகள். தமிழில் காது செய்யும் பிழைகளும் உண்டு. ‘எண்ணிக்கை’யில் றன்னகரம் விழுவதும், ‘அளவு’ என்பது ‘அலவு’ ஆவதும், ரகரமும் றகரமும் குழம்புவதும் விசைப்பலகையில் விரல் நழுவுவதால் வருவன அல்ல. கணக்கு போடும் நிரலுக்கு ‘அளவு’ ‘அலவு’ ஆனாலும் ‘அகவு’ ஆனாலும் ஒரே தூரம். ஆங்கிலத்துக்கு இந்தச் சலுகை ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருக்கிறது: பெரிய எழுத்துக்குப் பதில் சிறிய எழுத்து விழுந்தால் பைத்தான் அதற்குப் பாதி விலைதான் போடுகிறது, மற்ற மாற்றத்துக்கு 2, இதற்கு 1. ண-ன, ல-ள-ழ, ர-ற இணைகளுக்கும் அதே பாதி விலை போட்டால், தமிழில் எழுதப் பழகும் பிள்ளைக்குச் சரியான பெயர் முன்னே வந்து நிற்கும். தமிழ்ச் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும் வேலையை ஓபன்-தமிழ் நூலகம் முன்பே செய்து வைத்திருக்கிறது. பைத்தானின் மூலநிரல் யாரும் பார்க்கும்படி திறந்தே கிடக்கிறது. இந்த விலைகள் எழுதப்பட்டிருப்பது இரண்டே வரிகளில். கணினி படிக்கும் தமிழ் மாணவர்களில் யாராவது இதைக் கையில் எடுக்க வேண்டும்.